ரப்பர் கால்சட்டைக்கு எண்ணெய்க் குளியல்

பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் மழைக்கோட்டும் ரப்பர் பூட்ஸும் விற்கும் சின்னக் கடை என்னுடையது. மழை பிடித்துக்கொண்டால் பைக்கில் சாப்பாடு கொண்டுபோகும் பையன்கள் வருவார்கள். மெட்ரோ பள்ளத்தில் வேலை செய்கிறவர்கள் வருவார்கள். எனக்குப் பேச்சு குறைவு. கோட்டை எடுத்து உள்பக்கம் திருப்பி வைப்பேன். தையல் மேல் பட்டை ஒட்டியிருக்கிறதா என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள். ஒட்டியிருந்தால் தண்ணீர் இறங்காது, இல்லாவிட்டால் இறங்கும். இதில் பேச என்ன இருக்கிறது?

போன மாதம் காட்டுப்பாக்கத்து அடுக்குமாடியிலிருந்து ஒரு தம்பி வந்தார். கம்ப்யூட்டர் வேலையாம். ஞாயிற்றுக்கிழமைகளில் தூண்டில் போடப் போவாராம். பூட்ஸோடு சேர்ந்தாற்போல் நெஞ்சு வரைக்கும் வரும் ரப்பர் கால்சட்டை வேண்டும் என்றார். வரவழைத்துக் கொடுத்தேன். கொடுக்கும்போது, "வெயில்ல காயப் போடாதீங்க சார். மடிச்சு வைக்காதீங்க. நிழல்ல தலைகீழா தொங்க விடுங்க. நல்லா காஞ்சதும் உள்ள பவுடர் போடுங்க" என்றேன். ஒரு வாடிக்கையாளரிடம் நான் அவ்வளவு நீளமாகப் பேசுவது அபூர்வம்.

"பவுடர் கால்ல ஒட்டிக்காதாண்ணா?" என்று கேட்டார் அவர்.

"ஒட்டினாலும் தொடச்சா போயிடும்" என்றேன்.

அவர் போன பிறகு கல்லாவில் உட்கார்ந்தவனுக்குச் சித்தப்பாவின் ரப்பர் கால்சட்டை ஞாபகம் வந்தது.

எனக்கு அப்போது எட்டு வயது இருக்கலாம். எங்கள் ஊர் ஏரிக்கு ஒரு வழக்கம் இருந்தது. கோடையில் தண்ணீர் தொடை அளவுக்கு இறங்கியதும் குத்தகைக்காரர் தன் மீனைப் பிடித்து முடித்துவிட்டு மிச்சத்தை ஊருக்கு விட்டுவிடுவார். தமுக்கு அடித்து நாள் சொல்வார்கள். அன்று யார் வேண்டுமானாலும் இறங்கலாம். வலையோ கூடையோ பழைய புடவையோ, எது கிடைத்தாலும் எடுத்துக்கொண்டு ஊரே இறங்கும். அன்றைய பெரிய மீனைப் பிடித்தவர் கையை வீசிக்கொண்டு ஊருக்குள் நடந்து வருவார். போன வருடம் பெரிய மீன் பிடித்தவர் அந்த மீனைத் தோளில் சுமந்துகொண்டு பின்னால் வர வேண்டும். தோற்றவர் சுமக்க வேண்டும் என்பதில்தான் ஊருக்கு ருசி.

என் சித்தப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். வேலை முடிந்து வந்து மாதக்கணக்கில் உட்கார்ந்து தன் கையாலேயே ஒரு வீச்சு வலை பின்னியிருந்தார். விளிம்பில் கோத்த ஈயக் குண்டுகளையும் அவரே உருக்கி ஊற்றினார். அவர் வீசினால் வலை நிலா மாதிரி வட்டமாக விரிந்து விழும் என்பார்கள். நான் பார்த்ததில்லை. நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அவர் ஏரியில் இறங்குவதை நிறுத்திவிட்டார். நடுவில் ஒரு வருடம் பேன்ட்டோடு இறங்கிப் பார்த்தாராம். பேன்ட்டுக்குள் சேறு ஏறி இழுக்க, வலையை வீசிய வேகத்தில் குப்புற விழுந்தாராம். கரையில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பு அடுத்த கோடை வரைக்கும் ஓடியதாம். அதற்குப் பிறகு வலை எங்கள் வீட்டு ஆணியிலேயே தொங்கியது.

லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்க வேண்டியதுதானே என்று எனக்குத் தோன்றும். ஆனால் சித்தப்பாவை லுங்கியில் நான் பார்த்ததே இல்லை. சித்திரை வெயிலில் தெருவே முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு திரியும்போது, அவர் மட்டும் கணுக்கால் வரைக்கும் பேன்ட்டும் அதற்குக் கீழே சாக்ஸும் போட்டுக்கொண்டு வேர்த்துப்போய் உட்கார்ந்திருப்பார். தூங்கும்போதும் அப்படித்தான். கம்பெனியில் வேலை செய்கிறவர்களுக்கு அது ஒரு கௌரவம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பெண் பார்க்கப் போன இடங்களில் ஏனோ எதுவும் கூடி வரவில்லை. பெரியவர்கள் அதைப் பற்றிப் பேசும்போது என்னைக் கடைக்கு அனுப்பிவிடுவார்கள்.

சித்தப்பா நிறுத்திய பிறகு பெரிய மீன் வருடா வருடம் மாமாவுக்குப் போயிற்று. மாமா என்றால் அப்பாவின் அக்காள் கணவர். தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். லாரியின் ஹாரனும் அவர் குரலும் ஒரே மாதிரி இருக்கும். தொடர்ந்து அவரே பிடித்ததால் வழக்கப்படி அவர் மீனை அவரேதான் சுமந்து வர வேண்டியிருந்தது. அதிலும் அவருக்குப் பெருமைதான்.

அந்த வருடம் கோடை தொடங்கியபோது மாமாவும் அத்தையும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். கறிக்குழம்பைப் பிசைந்துகொண்டே மாமா ஆரம்பித்தார்.

"இன்னா மச்சான், அட்டைப்பூச்சிக்குப் பயந்துகினு இந்த வருசமும் ஊட்லயே குந்திக்கப் போறியா?"

சித்தப்பா இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்.

"அந்த வலையையாவது எனுக்குக் குடுத்துடு மச்சான். ஆணியில தொங்கிகினு கீது, பாவம். எலி கடிக்கிறதுக்கா அத்தப் பின்னுன?"

அத்தை சிரித்தாள். அப்பாவும் கொஞ்சம் சிரித்துவிட்டார். அம்மா மட்டும் குழம்புச் சட்டியோடு உள்ளே போய்விட்டாள். சித்தப்பா தண்ணீர் குடித்துவிட்டு, "இந்த வருசம் நான் ஏரில எறங்கலன்னா எடுத்துக்கோ மாமா" என்றார்.

எல்லோர் முன்னாலும் சொன்ன வார்த்தை. மாமா அப்போதே எழுந்து போய் வலையைத் தொட்டுத் தடவிப் பார்த்துவிட்டு வந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா என்னைச் சைக்கிளின் முன்கம்பியில் உட்கார வைத்துப் பூந்தமல்லிக்கு ஓட்டினார். பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒருவர் தார்ப்பாயை விரித்து, ஏலத்தில் எடுத்த பட்டாளத்துப் பழைய சாமான்களைக் குவித்து வைத்திருப்பார். பூட்ஸ், தண்ணீர்க் குப்பி, கூடாரத் துணி எல்லாம் கிடக்கும். அவர் சித்தப்பாவைப் பார்த்ததுமே ஒரு மழைக்கோட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

"வா நைனா! இத்தப் போட்டுகினு அடமழைல நில்லு, ஒரு சொட்டு உள்ள எறங்குச்சுன்னா நான் மீசைய எடுத்துக்கிறேன்."

நல்ல கோட்டு. தலைக்குத் தொப்பி, கைமுனையில் இறுக்கும் பட்டன் எல்லாம் இருந்தது. மழையில் சைக்கிள் மிதித்து அம்பத்தூர் போகிறவருக்கு அதைவிட என்ன வேண்டும்? ஆனால் சித்தப்பா அதைக் கையில்கூட வாங்கவில்லை.

"மேலுக்கு வாணாம்பா. காலுக்குக் காட்டு."

பாயின் அடியிலிருந்து இரண்டு ரப்பர் கால்சட்டைகள் வந்தன. பூட்ஸும் கால்சட்டையும் ஒன்றாகவே இருந்தன. மேலே தோளில் மாட்டும் பட்டைகள். ஒன்று கறுப்பு, வாத்து முதுகு மாதிரி பளபளத்தது. இன்னொன்று சாம்பல் பூத்துப்போய்க் கிடந்தது. நான் கறுப்பைக் காட்டினேன். கடைக்காரரும் கறுப்பைத்தான் புகழ்ந்தார். சித்தப்பா அதன் முழங்கால் மடிப்பை விரலால் கிள்ளி விரித்தார். உள்ளே கோடு கோடாக வெடித்திருந்தது. சாம்பலைக் கிள்ளினார். அது இழுத்த பக்கமெல்லாம் வந்து, விட்டதும் திரும்பிப் போயிற்று. மடிப்பில் ஒன்றிரண்டு மெல்லிய கோடுகள்தான் தெரிந்தன. பிறகு அதைப் பேன்ட் மேலேயே மாட்டிக்கொண்டு நடுரோட்டுப் பக்கம் போய்க் குந்தி குந்தி எழுந்தார். கவட்டுத் தையல் பிடிக்கிறதா, பூட்ஸுக்குள் விரல் அசைகிறதா என்று பார்த்தார். பேருந்துக்கு நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய் மழைக்கோட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். சித்தப்பாவும் என்னைப் போலக் கூச்சக்காரர்தான். அன்று மட்டும் அவருக்கு யாரைப் பற்றியும் கவலை இல்லை.

சாம்பல் கால்சட்டை எங்களோடு சைக்கிளில் வந்தது.

வீட்டில்தான் ஆபத்து காத்திருந்தது. அப்பாவுக்கு எதைப் பார்த்தாலும் எண்ணெய் போட வேண்டும். கதவுக் கீல், சைக்கிள் செயின், என் தலை எதுவும் தப்பாது. சித்தப்பா வேலைக்குப் போயிருந்த நேரத்தில், காய்ந்துபோன ரப்பரைப் பார்த்து அப்பாவின் மனம் இளகிவிட்டது. தேங்காய் எண்ணெயை உள்ளும் புறமும் தாராளமாகத் தேய்த்து, இரண்டாக மடித்து, நல்ல வெயில் விழும் கொடியில் போட்டுவிட்டு மனநிறைவோடு தூங்கப் போனார்.

சாயங்காலம் சித்தப்பா வந்து பார்த்தபோது கால்சட்டை பிசுபிசுத்து, ஒரு காலோடு இன்னொரு கால் ஒட்டிக்கொண்டிருந்தது. பிரித்த இடத்தில் முழங்கால் பக்கம் கிழிந்தது. ஏரியில் இறங்கும் நாளுக்குத் தமுக்கு அன்று காலையில்தான் அடித்துப் போயிருந்தார்கள்.

"நல்லதுக்குத்தான்டா செஞ்சேன்" என்றார் அப்பா.

சித்தப்பா ஆணியில் தொங்கிய வலையை ஒருமுறை பார்த்தார். கால்சட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு குமணன்சாவடி பஞ்சர் கடைக்குக் கிளம்பினார். நான் கேட்காமலேயே பின்னால் ஏறிக்கொண்டேன்.

பஞ்சர் கடைக்காரர் கிழிசலைத் தேய்த்துச் சொல்யூஷன் தடவி ஒட்டுப் போட்டார். ஒட்டு வழுக்கிக்கொண்டு வந்தது. மறுபடியும் போட்டார். மறுபடியும் வந்தது. கையை மோந்து பார்த்தார்.

"இன்னா அண்ணாத்தே, இதுக்குத் தீபாவளியா? தல முழுவ எண்ண வெச்சிகீற?"

அந்தக் கேலியை வீட்டில் வந்து நான் அப்படியே சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை. "எண்ணெ வெச்சா சீக்காய் போட்டுத் தேய்க்கணும். இதுகூடவா உங்க யாருக்கும் தெரியாது?" என்று சொல்லிச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். மறுநாள் சனிக்கிழமை. எங்கள் வீட்டில் அந்த வாரம் எண்ணெய் தேய்த்துக் குளித்தது அந்த ரப்பர் கால்சட்டை மட்டும்தான். அம்மா அதைத் துவைக்கிற கல்லில் கிடத்தி, சீயக்காயைக் குழைத்துப் பூசி, வெந்நீர் ஊற்றி, பிள்ளையைக் குளிப்பாட்டுவது போலத் தேய்த்தாள். "காலைத் தூக்கு" என்று ஒருமுறை பழக்கத்தில் சொல்லியும்விட்டாள். அப்பா தண்ணீர் இறைத்துக் கொடுத்தார். அது அவருக்குத் தண்டனை.

இந்த முறை ஒட்டு பிடித்தது. வேறெங்கே ஓட்டை என்று கண்டுபிடிக்கப் பஞ்சர் கடைக்காரர், கடையோரத்து வேப்பங்கிளையில் கால்சட்டையைத் தொங்கவிட்டு இடுப்பு வரைக்கும் தண்ணீர் ஊற்றினார். அது உப்பிக்கொண்டு, தலையில்லாத ஒரு தடித்த ஆள் மாதிரி காற்றில் ஆடியது. பெங்களூர் சாலையில் போன பேருந்து ஒன்று வேகம் குறைந்தது. ஜன்னலிலிருந்து ஒரு பெண் குரல், "ஐயய்யோ, யாரோ தொங்குறாங்கோ!" என்று அலறியது. "ஆமாக்கா, தண்ணி போட்டுட்டுத் தொங்குறாரு!" என்று கடைக்காரர் திருப்பிக் கத்தினார். சொட்டிய இடங்களில் சாக்குக் கட்டியால் வட்டம் போட்டு, டியூபை வெட்டி ஒட்டினார். பிறகு அதை எங்கள் வீட்டில் கொட்டகை நிழலில் குச்சி கொடுத்துத் தலைகீழாகத் தொங்கவிட்டோம். அப்பா அந்தப் பக்கம் போகக் கூடாது என்று அம்மா உத்தரவு போட்டிருந்தாள்.

காய்ந்ததும் உள்ளே பவுடர் போட வேண்டும் என்றார் கடைக்காரர். அப்போதுதான் ரப்பரோடு ரப்பர் ஒட்டாதாம். பூட்ஸின் நுனி வரைக்கும் போகிற மெல்லிய கை வீட்டில் என் கைதான். அம்மாவின் பவுடர் டப்பாவைக் கவிழ்த்தேன். போதவில்லை என்று தோன்றியது. புதிதாக ஒன்று வாங்கிவரச் சொல்லி அதையும் கவிழ்த்தேன். நான் வெளியே வந்தபோது புருவம்வரை வெள்ளையாக இருந்தேனாம்.

ஏரியில் இறங்கும் நாள் வந்தது. விடிந்ததுமே கரை முழுக்க ஆட்கள். சித்தப்பா கால்சட்டையை மாட்டிக்கொண்டு, தோளில் வலையோடு தெருவில் இறங்கினார். இந்த முறை உள்ளே பேன்ட் இல்லை. பேன்ட் மடிப்பு பூட்ஸுக்குள் குத்தும் என்று அரைக்கால் டிராயர்தான். அதை அவர் எங்கே எப்போது மாற்றிக்கொண்டார் என்று நான் பார்க்கவில்லை. பஞ்சர் கடைக்காரர் ஓடி வந்து அவர் இடுப்பைச் சுற்றிச் சைக்கிள் டியூபை இறுக்கிக் கட்டினார்.

"இத்த அவுக்காத அண்ணாத்தே. மேல தண்ணி வந்தா உள்ள பூந்துடும். பூந்துச்சுன்னா கல்லக் கட்டுன மாதிரி உன்னக் கீழ இழுத்துடும்."

கரையில் அவரைப் பார்த்ததும் சிரிப்பு வெடித்தது. "அண்ணாத்தே, நிலாவுக்கா போற?" என்று ஒருவன். "குழாய் அடைப்பு எடுக்க ஆள் வந்துட்டாருபா" என்று இன்னொருவன். என் காது சுட்டது. சித்தப்பா குனிந்து, ஏரித் தண்ணீரைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு இறங்கினார்.

மாமா நடு ஏரியில் நின்றார். வெயில் ஏறுவதற்குள் அவர் கையில் ஒரு நல்ல விரால் துள்ளியது. அதைத் தலைக்கு மேல் தூக்கி, "மச்சான்! வலைய நல்லா அலசி வெச்சிடு, சாய்ந்தரம் வந்து எடுத்துக்கிறேன்!" என்று கூவினார்.

"அதான் எறங்கிட்டனே மாமா!" என்றார் சித்தப்பா.

"எறங்குனா ஆச்சா? மீனு எங்க?" கரை முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. வெறுங்கையோடு ஏறினால், வார்த்தைப்படி வலை தங்கினாலும் மாமாவிடமிருந்து அது தப்பாது.

சித்தப்பா திரும்பி மதகு மூலைக்கு நடந்தார். அங்கே கோரை ஆள் உயரத்துக்கு மண்டியிருக்கும். உள்ளே கால் வைத்தால் அட்டை கொத்துக் கொத்தாக ஏறும், கோரை காலை அறுக்கும். அதனால் யாரும் போக மாட்டார்கள். யாரும் போகாததால் பெரிய மீன்கள் அங்கேதான் ஒதுங்கும். இது ஊருக்கே தெரியும். ஆனால் தெரிந்து என்ன செய்வது? அவர் கோரையை விலக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். மேலே அவர் தலையும் வலை நுனியும் மட்டும் தெரிந்தன. ரப்பர் மேல் அட்டைகள் ஏறி ஏறி வழுக்கி விழுந்தன என்று அவர் பிறகு சொன்னார்.

வெகுநேரம் அசையாமல் நின்றார். பிறகு வலை எழும்பியது. நான் அதுவரை பார்த்திராத வட்டம். கோரைக்கு நடுவே இருந்த சின்னத் தண்ணீர்த் திட்டின் மேல் சத்தமில்லாமல் படிந்தது. அடுத்த நொடி தண்ணீர் கொதித்தது. சித்தப்பா வலையோடு குனிந்தார், வழுக்கினார், மறைந்துவிட்டார்.

சிரிப்பு நின்றது. அப்பா கரையிலிருந்து வேட்டியோடு பாய்ந்தார். மாமா கையிலிருந்த மீனை விட்டுவிட்டு, "மச்சான்! டேய் மச்சான்!" என்று கத்திக்கொண்டு மதகுப் பக்கம் ஓடினார். நான் டியூபை நினைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன்.

கரையில் எழுந்த கூச்சலில் கண்ணைத் திறந்தேன். சித்தப்பா எழுந்து நின்றார். தலையிலிருந்து சேறு வழிந்தது. இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தது வலையையும் அதற்குள் ஒரு விராலையும். கறுப்பாக, என் இடுப்பு உயரத்துக்கு, வாலால் அவர் முகத்தில் அறைந்துகொண்டே இருந்தது. அவர் ஒவ்வொரு அறைக்கும் சிரித்தார். டியூப் பிடித்துக்கொண்டது. ஒட்டுகள் பிடித்துக்கொண்டன. அம்மா கரையில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி, "சீக்காய்தான்! சீக்காய்தான்!" என்றாள்.

மாமா மூச்சு வாங்க அவர் முன்னால் நின்று, மீனைப் பார்த்தார், கால்சட்டையைப் பார்த்தார். தான் விட்டுவிட்டு வந்த மீன் ஞாபகம் வந்து நடு ஏரியைப் பார்த்தார். பிறகு தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, "போடு மச்சான்" என்று குனிந்தார். நல்ல மனிதர். வழக்கத்தை மீறவில்லை.

தமுக்கு முன்னால் போக, சித்தப்பா கையை வீசிக்கொண்டு நடந்தார். நடக்க நடக்க ரப்பர் சளக் சளக் என்று சத்தம் போட்டது. பின்னால் மாமா மீனைச் சுமந்து வந்தார். மீன் வால் அவர் முதுகில் அடிக்காமலிருக்க நான் பிடித்துக்கொண்டேன். காலையில் நிலாவுக்குப் போகச் சொன்னவன் இப்போது, "அண்ணாத்தே, அடுத்த வருசம் எனுக்கும் ஒண்ணு வாங்கிக் குடு" என்று கூடவே ஓடி வந்தான். வீட்டு வாசலில், "கழட்டு மச்சான், நானும் ஒருவாட்டி போட்டுப் பாக்கறேன்" என்றார் மாமா. "காயட்டும் மாமா" என்று சொல்லிவிட்டுச் சித்தப்பா கொல்லைப்புறக் கீற்றுத் தடுப்புக்குள் போனார். வலையை நான் ஆணியில் மாட்டினேன்.

உள்ளிருந்து என்னைக் கூப்பிட்டார். பூட்ஸ் காலைக் கவ்விக்கொண்டு வரவில்லை. நான் தரையில் உட்கார்ந்து, சுவரில் காலை உதைத்துக்கொண்டு இழுத்தேன். முதல் கால் வந்தது, பிறகு அடுத்தது. அவர் அரைக்கால் டிராயரோடு கல்லில் உட்கார்ந்திருந்தார்.

முழங்காலிலிருந்து பாதம் வரைக்கும் இரண்டு கால்களும் வெள்ளை வெளேரென்று இருந்தன. சில இடங்களில் திட்டுத் திட்டாக, ஓரங்களில் அவருடைய கறுப்பு நிறம் எட்டிப் பார்த்தது. எனக்கு முதலில் பெருமையாக இருந்தது. அவ்வளவு பவுடர் போட்டது நான்தானே. உடனே ஈரத்துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன். சித்தப்பா காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். பிறகு இழுக்கவில்லை. நான் அழுத்தித் துடைத்தேன். தண்ணீர் விட்டுத் துடைத்தேன்.

"சித்தப்பா, பவுடர் போவ மாட்டேங்குது."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஏரியில் சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தார். வாசலில் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும்.

"வுட்றா. அது கெட்டிப் பவுடரு."

சொல்லிவிட்டு இரண்டு கால்களையும் வெயில் விழும் இடத்தில் நன்றாக நீட்டிக்கொண்டு, பின்னால் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

வெண்புள்ளி என்று ஒரு சொல் இருப்பதே எனக்கு அப்போது தெரியாது. மட்டமான பவுடரை வாங்கிவிட்டோம் என்று மட்டும் தெரிந்தது. அடுத்த வருடம் அம்மாவிடம் சொல்லி நல்ல பவுடராக வாங்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு, துணியைப் பிழிந்து கொடியில் காயப் போட்டேன்.